பேக்ரவுண்ட் செக்ல பழைய கேஸ் வந்தா என்ன பண்றது? அமெரிக்கால ஆள் எடுக்கறவங்களுக்கு

நான் கலிஃபோர்னியால ஒரு சின்ன வேர்ஹவுஸ்ல ஆள் எடுக்கறது, பேரோல், இன்சூரன்ஸ் எல்லாம் பாத்துக்கறேன், எச்.ஆர்.னு தனியா யாரும் கிடையாது, நான்தான் எச்.ஆர்., பிரிண்டர்ல பேப்பர் சிக்கிக்கிட்டா உருவி எடுக்கறதும் நான்தான். நம்மாளுங்க நிறைய பேர் இங்க மோட்டல், கேஸ் ஸ்டேஷன், க்ரோசரி, சின்ன ஐ.டி. கம்பெனின்னு வச்சிருக்காங்க, அவங்க எனக்கு போன் பண்ணி கேக்கற கேள்வி பெரும்பாலும் ஒண்ணுதான்: "ஏங்க, ஒரு பையனை எடுக்கலாம்னு இருந்தோம், பேக்ரவுண்ட் செக்ல பழைய கேஸ் ஒண்ணு வந்திருக்கு, வேண்டாம்னு சொல்லிட்டா பிரச்சனை வருமா?"

வேண்டாம்னு சொல்ல பல சமயம் சட்டம் இடம் குடுக்குது. ஆனா எப்ப கேட்டீங்க, எதுக்கு அப்புறம் எதைப் பண்ணீங்க, என்ன எழுதி வச்சீங்க, எத்தனை நாள் பொறுத்தீங்க, நான் பாத்த வரைக்கும் ஆளுங்க மாட்டறது இதுலதான். அதனால வரிசையா சொல்லிட்டு வரேன். நான் வக்கீல் இல்ல, லெட்டர் அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு லேபர் வக்கீல்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க, ஒரு மணி நேர ஃபீஸோட போயிடும்.

முதல்ல உங்களுக்கு எந்தச் சட்டம் பொருந்தும்னு பாக்கணும், அதுக்கு ரெண்டு விஷயம் வேணும், உங்ககிட்ட எத்தனை பேர் வேலை பாக்கறாங்க, வேலை எந்த ஊர்ல நடக்குது. ஃபெடரல் அளவுல 1964 சிவில் ரைட்ஸ் ஆக்ட்டோட டைட்டில் செவன் இருக்கு, அது 15 பேர் அல்லது அதுக்கு மேல இருக்கற இடத்துக்கு. அதுல கிரிமினல் ரெக்கார்டுன்னு நேரடியா ஒரு வார்த்தை கூட கிடையாது, ஆனா "கேஸ் இருந்தா யாரா இருந்தாலும் வெளிய"ன்னு ஒரே கோட்டைக் கிழிச்சா அது கறுப்பர், லத்தீனோ ஆளுங்களை அதிகமா அடிக்கும், அதனால மறைமுகமா இனப் பாகுபாடு ஆயிடும்னு ஈ.ஈ.ஓ.சி. (வேலைல பாகுபாட்டைக் கவனிக்கற ஃபெடரல் ஏஜென்சி) 2012 ஏப்ரல்ல விரிவா ஒரு வழிகாட்டி வெளியிட்டுச்சு. 2025 ஏப்ரல்ல வந்த ஜனாதிபதி உத்தரவு இந்த மாதிரி மறைமுக பாகுபாடு வழக்குகளை ஃபெடரல் ஏஜென்சிங்க பின்னுக்குத் தள்ளணும்னு சொல்லிடுச்சு, அதைப் படிச்சிட்டு "இனிமே கவலை இல்ல"ன்னு ஒரு நண்பர் சொன்னாரு. சட்டம் மாறல, பாதிக்கப்பட்டவர் சொந்தமா வக்கீல் வச்சு கேஸ் போடற உரிமை அப்படியேதான் இருக்கு, அதுக்கு மேல ஸ்டேட் சட்டம் எதுவும் அந்த உத்தரவால அசையல.

ரெண்டாவது 1970ல வந்த எஃப்.சி.ஆர்.ஏ., கிரெடிட் ரிப்போர்ட் சட்டம்தான், ஆனா பேக்ரவுண்ட் செக் கம்பெனியை வச்சு ரிப்போர்ட் எடுத்தா அதுக்கும் இதேதான். இதுல ஆள் கணக்கு கிடையாது, உங்ககிட்ட ரெண்டே பேர் இருந்தாலும் பொருந்தும். மூணாவது ஸ்டேட், சிட்டி சட்டங்க. 1998ல ஹவாய்தான் முதல்ல தனியார் கம்பெனிக்கும் சேத்து ஆரம்பிச்சது, அப்புறம் 2004ல ஜெயில்ல இருந்து வந்தவங்களே சேர்ந்து நடத்தற ஒரு அமைப்பு கலிஃபோர்னியால "அந்தப் பொட்டியை எடு"ன்னு இயக்கம் ஆரம்பிச்சாங்க, அப்ளிகேஷன் ஃபார்ம்ல டிக் அடிக்கற அந்த சின்னப் பொட்டி, அதான் பேன் த பாக்ஸ்னு பேர் வந்துச்சு. இன்னிக்கு கலிஃபோர்னியால 5 பேர் இருந்தாலே சட்டம் உண்டு, 2018 ஜனவரில இருந்து. நியூயார்க் சிட்டில 4 பேர். நியூஜெர்சில 15 பேர், அங்க முதல் இன்டர்வியூ முடிஞ்ச பிறகு கேக்கலாம். இலினாய்லயும் 15 பேர், அங்க இன்டர்வியூக்கு ஆளைத் தேர்ந்தெடுத்து சொன்ன பிறகு. டெக்சாஸ்ல ஸ்டேட் அளவுல தனியார் கம்பெனிக்கு இப்படி ஒண்ணும் கிடையாது, ஆனா ஆஸ்டின் சிட்டி 2016ல தனியா ஒண்ணு போட்டுச்சு. ஆக ஸ்டேட்டை மட்டும் பாத்துட்டு நிம்மதியா தூங்காதீங்க, சிட்டி, கவுன்ட்டி ரெண்டையும் பாருங்க, லாஸ் ஏஞ்சலஸ்ல சிட்டிக்கு ஒரு சட்டம், கவுன்ட்டிக்கு 2024 செப்டம்பர்ல இருந்து இன்னொரு சட்டம், ஸ்டேட் சட்டத்துக்கு மேல.

நான் இனி சொல்றது கலிஃபோர்னியா முறை. கறாரான சட்டங்கள்ல இதுவும் ஒண்ணு, இதுப்படி பழகிட்டா மத்த ஊர் சட்டத்துல பெரும்பாலும் நாள் கணக்கையும் லெட்டர்ல வர்ற வாசகத்தையும் மாத்தினா போதும்.

இப்போ உங்க அப்ளிகேஷன் ஃபார்மை எடுத்து கடைசிப் பக்கத்தைப் பாருங்க. எங்க ஃபார்ம் எந்தக் காலத்துலயோ யாரோ குடுத்த ஜெராக்ஸோட ஜெராக்ஸ், எழுத்தெல்லாம் சாஞ்சு போய் இருக்கும், அடியில கையெழுத்துக்கு மேல "எப்போதாவது குற்றத்துக்காக தண்டனை பெற்றதுண்டா, ஆம், இல்லை"ன்னு ரெண்டு பொட்டி. சட்டம் வந்து ஒரு வருஷம் ஆன பிறகுதான் நான் அதைக் கவனிச்சேன். எங்க ஓனர்கிட்ட சொன்னா "அட அது யாரு பாக்கப் போறா, நாமளே பாக்கறதில்லையே, கிடக்கட்டும்"னாரு. நீங்க பாக்காட்டியும் கேட்டதே தப்புங்க. மிச்சம் இருந்த கட்டு முழுக்க ரீசைக்கிள் பின்ல போட்டேன், அவருக்கு பேப்பர் வீணா போச்சேன்னு ஒரே வருத்தம். ஆன்லைன்ல ஆள் எடுக்கறவங்க அந்த வெப்சைட்டோட ரெடிமேட் டெம்ப்ளேட்டையும் பாத்துடுங்க, சில இடத்துல இந்தக் கேள்வி தானாவே ஆன்ல இருக்கும்.

விளம்பரத்துலயும் அதே கதைதான். "க்ளீன் ரெக்கார்ட் உள்ளவங்க மட்டும்"னு போடறது நல்ல ஆள் வரணும்ங்கற எண்ணத்துலதான், ஆனா கலிஃபோர்னியால 2023 அக்டோபர்ல வந்த விதிகள் இந்த மாதிரி வரியை நேரடியாவே தடுக்குது. வாட்ஸ்ஆப் குரூப்ல போடற மெசேஜும் விளம்பரம்தான்.

இன்டர்வியூல கேக்கக்கூடாது, சரி. அவரே வாயைத் திறந்து சொன்னா? இது நிறைய நடக்கும், ரெஸ்யூமேல ரெண்டு வருஷம் காலியா இருக்கும், நாம "இந்த ரெண்டு வருஷம் என்ன பண்ணீங்க"ன்னு எதேச்சையா கேப்போம், அவர் "உள்ள இருந்தேன்"னு சொல்லிடுவாரு. உடனே நம்ம மூஞ்சி மாறும், அடுத்த கேள்வி அதுலதான் போய் நிக்கும். அங்கதான் நிறுத்தணும். ஆஃபர் குடுக்கறதுக்கு முன்னாடி அவரே சொன்னாலும் அதைக் கணக்குல எடுக்கக்கூடாது, நான் "சொன்னதுக்கு நன்றிங்க, அதைப் பத்தி இந்தக் கட்டத்துல நாங்க பேசறதில்ல, ஃபோர்க்லிஃப்ட் சர்டிபிகேட் எந்த வருஷம் வாங்கினீங்க?"ன்னு பேச்சை மாத்திடுவேன், இன்டர்வியூ நோட்ல அதை எழுதவும் மாட்டேன். இன்டர்வியூ முடிஞ்சதும் கூகிள்ல பேரைப் போட்டுத் தேடற பழக்கம் நம்ம எல்லாருக்கும் இருக்கு, குற்ற விவரம் தேடறதுக்குன்னா அதுவும் ஆஃபருக்கு முன்னாடி கூடாது.

அடுத்தது கண்டிஷனல் ஆஃபர், இதுதான் கோடு, இதுக்கு இந்தப் பக்கம் கேக்கக்கூடாது, அந்தப் பக்கம் கேக்கலாம். சம்பளம், வேலை, சேர வேண்டிய தேதி எல்லாம் போட்டு, பேக்ரவுண்ட் செக் முடியறதுக்கு உட்பட்டதுன்னு ஒரு வரி சேத்து லெட்டரா குடுங்க. வாய்ல சொன்னாப் போதாதான்னு கேப்பீங்க, பின்னாடி தகராறு வந்தா எது முதல்ல நடந்துச்சுன்னு காட்ட தேதி போட்ட பேப்பர்தான் பேசும். முக்கியமா, ரெஃபரன்ஸ் கேக்கறது, பழைய வேலை சரிபாக்கறது எல்லாத்தையும் ஆஃபருக்கு முன்னாடியே முடிச்சிடுங்க, நியூயார்க் சிட்டில 2021 ஜூலைக்கு அப்புறம் இது கட்டாயம் மாதிரிதான், மத்த செக் எல்லாம் முதல்ல, குற்ற விவரமும் டிரைவிங் ரெக்கார்டும் கடைசியா. இதோட நல்லது என்னன்னா, ஆஃபர் குடுத்த பிறகு நீங்க பின்வாங்கினா காரணம் எதுன்னு ரெண்டு பேருக்கும் தெளிவா தெரியும். சட்டம் இப்படி எழுதினதே அதுக்குத்தான்.

அப்புறம் அனுமதி வாங்கற ஃபார்ம். எஃப்.சி.ஆர்.ஏ. சொல்றது, "உங்க மேல ரிப்போர்ட் எடுக்கப் போறோம்"ங்கற அறிவிப்பு தனிப் பேப்பரா இருக்கணும், அதுல வேற சமாச்சாரம் எதுவும் இருக்கக்கூடாது, எழுத்துல சம்மதம் வாங்கணும். நம்மாளுங்க பேப்பரை மிச்சம் பிடிக்கறேன்னு அதே பக்கத்துல "கம்பெனி மேல கேஸ் போட மாட்டேன்"னு ஒரு வரியைச் சொருகிடுவாங்க. 2017ல 9வது சர்க்யூட் அப்பீல் கோர்ட் சரியா அந்த வரிக்காகவே ஒரு கம்பெனி வேணும்னே சட்டத்தை மீறினதா தீர்ப்பு குடுத்துச்சு. வேணும்னே மீறினா ஆளுக்கு 100ல இருந்து 1,000 டாலர் வரைக்கும், ஒருத்தர்னா பரவால்ல, அதே ஃபார்ம்ல கையெழுத்து போட்ட எல்லாரும் சேர்ந்து வந்தா கணக்குப் போட்டுப் பாத்துக்கோங்க. கலிஃபோர்னியால ஸ்டேட்டுக்குன்னு தனி அறிவிப்பு இருக்கு, அதையும் இதையும் ஒரே பேப்பர்ல கலக்காதீங்க.

ரிப்போர்ட் வந்தாச்சு. முதல்ல இது இவரோடதுதானான்னு பாருங்க. இதை நான் அழுத்திச் சொல்றேன், ஏன்னா எனக்கே நடந்திருக்கு. ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட ஒருத்தரை எடுத்தோம், ரிப்போர்ட்ல வேற ஸ்டேட்ல ஒரு திருட்டு கேஸ், கன்விக்ஷன்னு சிவப்புல, அதாவது கோர்ட்ல குத்தம் உறுதியானதுன்னு. மனுஷன் அந்த ஸ்டேட் பக்கமே போனதில்லன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது, முதல் பேரும் கடைசிப் பேரும் ஒண்ணு, நடுப்பேர் வேற, பிறந்த வருஷம் வேற, ரிப்போர்ட் எடுத்த கம்பெனி பேரை மட்டும் வச்சுப் பொருத்திட்டாங்க. நம்ம பேருங்க இதுல இன்னும் மோசம். ஒரு குமார், ஒரு கார்த்திக், கடைசிப் பேர் இடத்துல அப்பா பேர், பாஸ்போர்ட்ல ஒரு ஸ்பெல்லிங், லைசென்ஸ்ல இன்னொண்ணு, இனிஷியலை முழுசா விரிச்சு எழுதினா வேற ஆள் மாதிரி ஆயிடும். எங்க ஓனர் பேரைப் போட்டு நான் ஒரு தடவை தேடிக் காட்டினேன், அதே பேர்ல எத்தனையோ பேர், அதுல ஒருத்தர் மேல செக் மோசடி கேஸ், அன்னிக்குத்தான் அவருக்கு விஷயம் மண்டைல ஏறுச்சு. அதனால நடுப்பேர், பிறந்த தேதி, பழைய அட்ரஸ் மூணும் பொருந்தலேன்னா அந்த வரியை நம்பவே நம்பாதீங்க.

ஆள் இவர்தான்னு ஆனா, அடுத்து எதைப் பாக்கக்கூடாதுன்னு கழிக்கணும். அரெஸ்ட் மட்டும் ஆகி கன்விக்ஷன் ஆகாதது கழியும், அரெஸ்ட் ஆனதாலயே குத்தம் பண்ணிட்டார்னு ஆகாது, ஈ.ஈ.ஓ.சி. வழிகாட்டியும் இதையேதான் சொல்லுது. டைவர்ஷன் ப்ரோக்ராம்ல, அதாவது தண்டனைக்குப் பதிலா சிகிச்சை, பயிற்சின்னு அனுப்பி முடிச்சது கழியும். சீல் பண்ணது (வெளிய காட்டாம மூடினது), டிஸ்மிஸ் ஆனது, எக்ஸ்பஞ்ச் பண்ணது (ரெக்கார்ட்ல இருந்து நீக்கினது) கழியும். கலிஃபோர்னியால ரிப்போர்ட் கம்பெனிங்க 7 வருஷத்துக்கு மேல பழைய கன்விக்ஷனை பொதுவா ரிப்போர்ட் பண்ணவே கூடாது, ஃபெடரல்ல கன்விக்ஷனுக்கு அந்த வரம்பு கிடையாது. நியூயார்க் ஸ்டேட்ல 2024 நவம்பர்ல க்ளீன் ஸ்லேட் ஆக்ட் அமலுக்கு வந்திருக்கு, மிஸ்டிமினர்னா (சின்னக் குத்தம்) 3 வருஷம், ஃபெலனின்னா (பெரிய குத்தம்) பெரும்பாலானதுக்கு 8 வருஷம் வேற கேஸ் இல்லாம இருந்தா தானா சீல் ஆகும், கோர்ட் நிர்வாகம் அதை முடிக்க 3 வருஷம் டைம்.

கழிச்சதுக்கு அப்புறமும் ஒண்ணு மிச்சம் இருந்தா அப்போதான் யோசிக்கணும், யோசிச்சதை எழுதணும். மூணு கேள்வி, 1970கள்ல மிசௌரி பசிபிக் ரயில்வே மேல கிரீன்ங்கறவர் போட்ட வழக்குல இருந்து வந்தது: ஒண்ணு, என்ன குத்தம், அது எவ்ளோ தீவிரம்; ரெண்டு, எத்தனை நாளாச்சு; மூணு, இந்த வேலைக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம். கேக்க சுலபமாத்தான் இருக்கு, ஆனா மூணாவதுலதான் எல்லாரும் வழுக்கறாங்க. நான் ஒரு பக்கப் பேப்பர் வச்சிருக்கேன், மேல வேலையோட பேர் போட மாட்டேன், வேலைல தினமும் என்ன பண்ணுவாங்கன்னு எழுதுவேன். ஒரு தடவை ஒருத்தர் மேல 6 வருஷத்துக்கு முன்னாடி செக்ல கள்ளக் கையெழுத்து போட்ட கன்விக்ஷன். லோடிங் வேலைக்கு வந்தவர். எழுதினேன்: "பாலட் இறக்குவார், ஸ்கேன் பண்ணுவார், டிரக்ல ஏத்துவார். பணம் கையில வராது. செக் புக் இருக்கற ரூம் சாவி இவர்கிட்ட இருக்காது. சூப்பர்வைசர் ஷிஃப்ட் முழுக்க கூட இருப்பார்." எழுதி முடிச்சுப் பாத்தா சம்பந்தமே இல்ல, எடுத்துட்டோம். அதே ஆள் அக்கவுண்ட்ஸ் வேலைக்கு வந்திருந்தா "வென்டருக்கு செக் எழுதுவார், தனியா"ன்னு எழுதியிருப்பேன், அப்போ வேண்டாம்னு சொல்ல காரணம் பேப்பர்லயே நிக்கும். "நம்பிக்கைக்குரியவர் வேணும்"னு பொத்தாம்பொதுவா எழுதறதுல பிரயோஜனம் இல்ல, எல்லா வேலைக்கும் அதை எழுதலாம்ல.

இன்னும் வேண்டாம்னுதான் தோணுதா? ரெண்டு லெட்டர், நடுவுல காத்திருப்பு. முதல் லெட்டர்ல, இந்தக் கன்விக்ஷனாலதான் ஆஃபரை வாபஸ் வாங்கலாம்னு யோசிக்கிறோம்னு எந்தக் கேஸ்னு குறிப்பிட்டு, ரிப்போர்ட் காப்பியும் எஃப்.சி.ஆர்.ஏ. உரிமைகள் பத்தின அரசாங்கத் தாளும் வச்சு, பதில் சொல்ல என்ன தேதி வரைக்கும் டைம்னு போட்டு குடுக்கணும். கலிஃபோர்னியால குறைஞ்சது 5 வேலை நாள், சனி ஞாயிறு லீவு நாள் சேராது, திங்கக்கிழமை கையில குடுத்தீங்கன்னா அடுத்த திங்கக்கிழமை முடியற வரைக்கும் முடிவு எடுக்காதீங்க. தபால்ல போட்டா அது போய்ச் சேர்றதுக்கு கூடுதல் நாள் சேரும், அதனால கையில குடுத்து கையெழுத்து வாங்கறது எனக்கு வசதி. ரிப்போர்ட்டே தப்பு, ஆதாரம் கொண்டு வரேன்னு அவர் எழுதினா இன்னும் 5 வேலை நாள். அந்த ஃபோர்க்லிஃப்ட்காரர் விஷயம் இந்த இடத்துலதான் வெளிய வந்துச்சு, லெட்டர் வாங்கின மறுநாள் காலைல லைசென்ஸ், பழைய பே ஸ்டப் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு எடுத்துட்டு வந்து மேஜைல பரப்பினாரு, ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சுபோச்சு. அவசரத்துல அந்த இடத்தை வேற ஆளுக்கு குடுத்திருந்தா நான் என்ன மூஞ்சியை வச்சுக்கிட்டு அவர் முன்னாடி நின்னிருப்பேன்.

கேஸ் உண்மைதான்னா, அவர் திருந்தினதுக்கு என்ன கொண்டு வந்தாலும் வாங்கிப் பாக்கணும், பழைய முதலாளி லெட்டர், படிச்ச சர்டிபிகேட், போதை சிகிச்சை முடிச்சது, அவரே கைப்பட எழுதின ஒரு பக்கம் எதுவா இருந்தாலும். "இந்த டாக்குமெண்ட் இருந்தாத்தான்"னு நீங்க நிபந்தனை போடக்கூடாது. எல்லாம் பாத்த பிறகும் வேண்டாம்னா ரெண்டாவது லெட்டர், இறுதி முடிவு, ரிப்போர்ட் எடுத்த கம்பெனி பேர், அட்ரஸ், முடிவு எடுத்தது அவங்க இல்லங்கற வரி, அப்புறம் கலிஃபோர்னியா சிவில் ரைட்ஸ் டிபார்ட்மெண்ட்ல புகார் குடுக்க உரிமை இருக்குங்கற வரி. நம்ம மேலயே புகார் குடுக்க நாமளே வழி சொல்றதான்னு எங்க ஓனர் கேட்டாரு. ஆமா, அதான் சட்டம்.

விதிவிலக்கு இருக்கு, அது தனிக் கதை, வங்கி, குழந்தைங்க காப்பகம், ஏர்போர்ட் பாதுகாப்புப் பகுதி மாதிரி வேற சட்டமே செக் பண்ணித்தான் ஆகணும்னு சொல்ற வேலைங்க. உங்க மோட்டலோ க்ரோசரியோ அதுல வராது.

பயம் இருக்கத்தான் செய்யும், அதை நான் குறை சொல்லல, சொந்தக் காசு போட்ட கடை. அதுக்கு 1966ல இருந்தே ஃபெடரல் பாண்டிங் ப்ரோக்ராம்னு ஒண்ணு இருக்கு, ரெக்கார்ட் உள்ளவரை எடுத்தா முதல் 6 மாசத்துக்கு திருட்டு, மோசடி நஷ்டத்துக்கு பொதுவா 5,000 டாலர் வரைக்கும் பாண்ட், அதாவது இன்சூரன்ஸ் மாதிரி ஒரு உத்தரவாதம், உங்களுக்கும் செலவு கிடையாது அவருக்கும் கிடையாது, ஸ்டேட் வேலைவாய்ப்பு ஆபீஸ் மூலமா கேக்கணும். இதைப் பத்தி தெரிஞ்ச நம்மூர் கடைக்காரரை நான் இன்னும் பாக்கல. டாக்ஸ்லயும் டபிள்யூ.ஓ.டி.சி.னு ஒரு சலுகை, ஃபெலனி கன்விக்ஷன் ஆகியோ ரிலீஸ் ஆகியோ ஒரு வருஷத்துக்குள்ள எடுத்தா 2,400 டாலர் வரைக்கும், சேர்ந்த 28 நாளுக்குள்ள 8850 ஃபார்ம் அனுப்பணும், ஆனா அந்தச் சட்டத்தோட காலம் 2025 டிசம்பர் 31 வரைக்கும்னு இருந்துச்சு, நீட்டிச்சிருக்காங்களான்னு உங்க ஆடிட்டர்கிட்ட கேட்டுட்டு நம்புங்க.

வேலை தேடற பக்கம் இருந்து இதைப் படிக்கறவங்களுக்கு ரெண்டு வரி. உங்க பேர்ல என்ன ரிப்போர்ட் வருதுன்னு நீங்களே முன்கூட்டியே கேட்டு வாங்கிப் பாருங்க, தப்பு இருந்தா ரிப்போர்ட் கம்பெனிக்கு எழுத்துல டிஸ்ப்யூட் போடுங்க, பொதுவா 30 நாள்ல அவங்க விசாரிச்சு திருத்தணும். சீல் ஆனதா இல்லையான்னு நிச்சயமா தெரியாம "இல்லை"ன்னு டிக் அடிக்காதீங்க, கோர்ட் கிளார்க் ஆபீஸ்ல கேட்டு கேஸ் என்னாச்சுங்கற பேப்பரை வாங்கி வச்சுக்கோங்க. மத்தபடி முதல் லெட்டர் வந்தா மனசு விட்டுடாதீங்க, அந்த 5 நாள் உங்களுக்குத்தான், நிறைய பேர் பதிலே எழுதறதில்ல, அதுதான் எனக்கு ஆதங்கம்.

கடைசியா ஃபைல். ஆஃபர் லெட்டர், சம்மத ஃபார்ம், ரிப்போர்ட், அந்த ஒரு பக்க மதிப்பீடு, ரெண்டு லெட்டர், அவர் குடுத்த பதில், எல்லாம் ஒரே கவர்ல, வழக்கமான ஊழியர் ஃபைலோட சேக்காம பூட்டு போட்ட டிராயர்ல, கலிஃபோர்னியால 4 வருஷம். எங்க டிராயர் சாவி என்கிட்ட ஒண்ணு, ஓனர்கிட்ட ஒண்ணு, அவர் அதை எங்கயோ தொலைச்சிட்டாரு, அதுவும் நல்லதுக்குத்தான்.